பதினேழாம் இலக்கத்துக் கசிவு

ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகை நேரமான பிற்பகலில், குண்டசாலையில் தான் வாடகைக்கிருந்த வீட்டின் முன்னறைக் கதிரையில் சாய்ந்தபடி மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த இப்ஹாம், தன் வீட்டுத் தண்ணீர் ஓடுவதைத் திரையில் கண்டான். எதிரே அவன் மனைவி நஸ்லியா பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு எவரும் இல்லை. ஆயினும் வரைபடத்தில் மூன்று சிறு எழுச்சிகள் தோன்றின, சற்றே இடைவெளி, மீண்டும் மூன்று. அதே கணத்தில் குளியலறைப் பக்கமிருந்து, உள்ளங்கையில் ஏந்திய நீர் சீமெந்துத் தரையில் சிதறும் ஓசை, திரைக்கு ஒரு மூச்சளவு முந்தியும் பிந்தியும் கேட்டது.

"பைப்ப ஒழுங்கா பூட்டல்லயா நீங்க?" என்றாள் நஸ்லியா, தலையை நிமிர்த்தாமலே.

எழுந்து சென்று பார்த்தான். குழாய் இறுக்கமாகவே மூடியிருந்தது. தரை உலர்ந்திருந்தது, கவிழ்த்து வைத்த வாளியின் அடியிலும் ஈரமில்லை. திரும்பி வந்தபோது வரைபடத்தின் முடிவில் நீண்ட இரு எழுச்சிகள் சேர்ந்திருந்தன. வலது கால், இடது கால். ஒருவர் தொழுகைக்குமுன் கைகால் முகம் கழுவும் ஒளுவை எடுத்து முடித்திருந்தார்.

அந்த வடிவத்தை இப்ஹாமைவிட நன்கறிந்தவர் எவருமிலர். கண்டிச் சுற்றுவட்டாரத்தில் தன் வீடு உட்பட முப்பது வீடுகளின் நீர்மானிகளில், நெருப்புப்பெட்டி அளவிலான கருவிகளைப் பொருத்தியவன் அவன்தான். மானிக்குள் சுழலும் காந்தத்தை எண்ணி, நான்கு விநாடிக்கொரு தடவை எவ்வளவு நீர் ஓடிற்று என்பதை அக்கருவி அனுப்பும். அனுப்பியதைப் பிரித்தறியும் மென்பொருள் திறந்த மூல வகையைச் சேர்ந்தது. எவரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளலாம்; அதன் ஒவ்வொரு வரியையும் உலகில் எவரும் வாசிக்கலாம்; செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் செய்தவரின் பெயரோடும் காரணத்தோடும் பதிவாகும். அந்த ஒளிவுமறைவின்மையைக் கருத்தரங்கொன்றில் புகழ்ந்து பேசிக் கைதட்டலும் பெற்றிருக்கிறான் அவன்.

மென்பொருளின் அறிவு மிக எளியது. ஓட்டம் நிற்கும் இடத்தில் வெட்டும். வெட்டிய துண்டின் நீளத்தையும் உயரத்தையும் பார்த்துப் பெயரிடும். குளியல், கழிப்பறை, சமையலறைக் குழாய். தூரதேசத்தில் அதை எழுதியவர்களுக்கு ஒளு என்ற ஒன்றிருப்பது தெரியாது. கைக்கு மூன்று, வாய்க்கு மூன்று, மூக்குக்கு மூன்று, முகத்துக்கு மூன்று, முழங்கைவரை ஒவ்வொரு கைக்கும் மூன்று என்று ஐந்து வக்துத் தொழுகைக்கும் திரும்பத் திரும்ப வரும் அந்த மெல்லிய அலையை இனங்காணும் பகுதியைச் சேர்த்தவன் இப்ஹாம். இந்த ஆய்வை நடத்திய பேராசிரியர் அதைப் பாராட்டினார். மாதக் கடைசியில் முடியவிருந்த அவனுடைய ஒப்பந்தம் இன்னுமோர் ஆண்டுக்கு நீளுமென்ற நம்பிக்கை அந்தப் பாராட்டிலிருந்துதான் பிறந்தது.

பதினேழாம் இலக்க வீடு அம்பிட்டியவில் இருந்தது. அங்கே பாயிஸா என்ற முதியவர் தனியே வாழ்ந்தார். ஒரே மகன் ஹுதைபா கட்டாரில். பக்கத்து வீட்டுக் கமலம், மாநகர சபையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், அவ்வீட்டுப் பூட்டின் ஒரு திறப்பை வைத்துக்கொண்டு தினமும் போய்ப் பார்த்துவருவார். ஒரு மாதத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை, குண்டசாலை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்த இப்ஹாமுக்கு அவர்தான் அழைப்பெடுத்தார்.

"தம்பி, நான் அம்பிட்டிய கமலம் பேசுறேன். மகளுக்குச் சொகமில்லைன்னு பிலிமத்தலாவைக்கு வந்திருக்கேன். நேத்திலேருந்து பாயிஸா அக்கா போன் எடுக்க மாட்டேங்கிறாங்க. ஒங்க மெசின்ல ஒருக்கா பாத்துச் சொல்லுங்களேன்."

ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறு கையால் தொலைபேசியில் பார்த்தான். பதினேழின் கோடு அசைந்துகொண்டிருந்தது. "தண்ணி பாவிக்கிறாங்க அக்கா. ஒரு பிரச்சினையும் இல்ல. போன்ல சார்ஜ் இல்லாம ஈக்கும்."

"தண்ணி ஓடுதுன்னா ஆளு நடமாடுதுன்னுதானே?"

"ஓ, அக்கா."

"அப்பச் சரி. நான் வெள்ளிக்கிழமையே வந்துக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை அவர் கதவைத் திறந்தபோது, பாயிஸா குளியலறையில், சுவரோரத்துத் தாழ்ந்த குழாயின் கீழ், ஒருக்களித்துக் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உயிர் பிரிந்து, மவுத்தாகி அதிக நேரம் ஆகவில்லை என்றார்கள்.

அன்று மாலையே இப்ஹாம் பதினேழின் தரவைத் திறந்தான். ஞாயிறு பிற்பகலிலிருந்து வெள்ளி காலை வரை நீர் ஒரு விநாடியேனும் முழுதாக நிற்கவில்லை. ஆகவே மென்பொருள் அந்த ஐந்து நாள்களையும் எங்கும் வெட்டாமல் ஒரே துண்டாக்கி, அதற்குக் கசிவு என்று பெயரிட்டிருந்தது. ஒரு நாளுக்கு மேல் நீளும் கசிவைக் கண்டால் வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும் என்பது அவனே எழுதிய விதி. அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து அமர்ந்தான். அந்தத் துண்டை அகற்றினான். அதற்கு முந்திய சனிக்கிழமையை, பாயிஸா எழுந்து நடந்து, சமைத்து, துவைத்து, தொழுத ஒரு முழு நாளை நகலெடுத்து, ஞாயிறிலும் திங்களிலும் செவ்வாயிலும் புதனிலும் வியாழனிலும் ஒட்டினான். காரணம் கேட்ட கட்டத்தில் "கசிவு நீக்கம்" என்று எழுதினான். விழுந்து கிடந்த கிழவி அட்டவணையில் ஐந்து நாள் நலமாக வாழ்ந்தாள். குறைவில்லாத அட்டவணை என்று பேராசிரியர் மகிழ்ந்தார்.

அகற்றிய மூலத் தரவு அவனுடைய கணினியில் மட்டும் இருந்தது. மூன்று வாரம் அதைத் தொடாமலிருந்தவன், கடந்த சனிக்கிழமை திறந்தான். ஒன்றுமில்லை, வெறும் கசிவுதான் என்று கண்ணால் பார்த்துவிட்டால் உறங்கலாமென எண்ணினான். அடியில் மயிரிழைபோல் ஓடிய ஓட்டத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை வரையும்படி மென்பொருளைப் பணித்தான்.

இருபத்திரண்டு ஒளுக்கள் எழுந்து நின்றன.

அந்த மயிரிழை, வலுவற்ற விரல்கள் முழுதாக மூட முடியாமல் விட்ட குழாய். அதன்மேல், ஒவ்வொரு வக்திலும், மூன்று மூன்றாக. ஞாயிறன்று எல்லாம் முறைப்படி இருந்தன. செவ்வாயில் கால்களுக்குரிய எழுச்சிகள் இல்லை. கைக்கு எட்டவில்லை போலும். புதனில் பல இடங்களில் மூன்று இரண்டாயிற்று. வியாழன் அந்தி மஃரிபில், இருபத்திரண்டாவதில், வலது கை மூன்று தடவை, இடது கை ஒரு தடவை; அத்தோடு முறிந்தது. பிறகு மயிரிழை மட்டும், வெள்ளி காலை ஒன்பது பத்துக்குக் கமலம் குழாயை மூடும்வரை. அவன் பஸ்ஸில் நின்று "ஒரு பிரச்சினையும் இல்ல" என்று சொன்ன நேரத்தில் அங்கே நண்பகல் லுஹருடைய ஒளு நடந்துகொண்டிருந்தது.

அதற்கு மறுநாள்தான் அவன் வீட்டில் முதலாவது கேட்டது.

திங்களன்று ஐந்து. நிமிடம் பிசகாமல், மூலத் தரவிலுள்ள அதே நேரங்களில், அதே அளவில். நஸ்லியாவுக்கும் கேட்டது; ஆனால் அவள் அதற்கு வேறு பொருள் கொண்டாள்.

செவ்வாய் மஃரிபின்போது சமையலறையிலிருந்து வந்தவள் அவனைக் கண்டு சிரித்தாள். "நேத்தும் பாத்தேன், இன்டைக்கும் பாக்கிறேன். அஞ்சு வக்தும் ஒளு எடுக்கிற சத்தம் கேக்குது, தொழுற முசல்லா மட்டும் மடிச்சபடியே ஈக்கி. தண்ணிய எடுத்துட்டுத் தொழுகைய ஆருக்கு வெச்சீக்கிறீங்க?"

"பேசாம ஈக்கிறியா கொஞ்சம்?"

"கோவம் மட்டும் வக்து தவறாம வரும்."

அவள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோதே, தன் சிரிப்பில் அவள் கவனிக்காமலே, அவளுக்குப் பின்னாலிருந்த குளியலறையில் அது வாயை அடைந்திருந்தது. திறந்த விரலிடுக்குகளில் நீர் வழியும் ஓசை. வாயைக் கொப்புளித்து உமிழும், பற்களில்லாத வாயின் தளர்ந்த ஓசை. இருபத்திரண்டு முடிவதற்குள் ஹுதைபாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் நின்றுவிடும் என்று அப்போது ஓர் எண்ணம் உதித்தது. யாரும் அப்படி வாக்களிக்கவில்லை. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டான். சொன்னால் வேலை போகும், பெயர் போகும். கமலத்துக்குச் சொன்ன பொய்யான ஆறுதலும், ஒட்டிய சனிக்கிழமைகளும் ஊரறியும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்பது மட்டும் தெரியவில்லை.

புதன் காலை, வாயிலருகே சென்று பிரதான வால்வைத் திருகி மூடினான். வீட்டுக் குழாய்கள் இருமிக் காற்றை விட்டன, பிறகு வறண்டன. லுஹருக்கு வரைபடம் அசைந்தது. ஓசையும் கேட்டது. ஆனால் இப்போது குழாயின் உயரத்திலிருந்து அல்ல, தரைமட்டத்திலிருந்து. ஒருவர் படுத்தபடி, கையை மட்டும் நீட்டி எடுத்தால் கேட்கும் உயரத்திலிருந்து. அவன் குளியலறை வாயிலிலேயே நின்று பார்த்தான். உலர்ந்த தரை. உலர்ந்த குழாய். ஈரமான ஓசை மட்டும், அவன் முழங்காலுக்குக் கீழே.

"தண்ணியில்லாத ஊட்டுல எனத்த செய்ற?" என்று நஸ்லியா பையை எடுத்தாள். "நான் அக்குறணைக்கு உம்மாட போறேன். பைப்ப சரியாக்கிட்டுச் செல்லுங்க, வாறேன்."

போகாதே என்று சொல்ல வாயெடுத்தான். ஏன் என்று அவள் கேட்பாள். அவள் ஏறிய முச்சக்கரவண்டி வளைவில் மறையும்வரை வாயிலில் நின்றான். அன்றிரவு அவன் உறங்கவில்லை.

வியாழன் காலை ஹுதைபா அழைத்தான். உம்மாவின் ஜனாஸா அடக்கத்துக்கு வந்து சேர முடியாதவன், இப்போது விடுமுறையில் வந்திருந்தான். அஸருக்குப் பிறகு கமலத்தோடு வருவதாகச் சொன்னான். லுஹரோடு பத்தொன்பதும் இருபதும் முடிந்திருந்தன. இன்னும் இரண்டு. சொல்லிவிடுவதென்று இப்ஹாம் முடிவெடுத்தான். மூலத் தரவைத் திரையில் திறந்து வைத்தான். முதல் வாக்கியத்தை வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்தான்.

வாசல் மணி ஒலித்தபோது இருபத்தொன்று தொடங்கியிருந்தது.

முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, கண்கள் சிவந்து வீங்கிய ஹுதைபா உள்ளே வந்து அமர்ந்தான். கமலம் உட்காரவில்லை, கதவருகே நின்றார். உள்ளேயிருந்து வந்த ஓசைக்கு ஹுதைபா செவிசாய்த்தான்.

"ஊட்டுக்காரி ஒளு எடுக்கிறாங்க போல. எடுத்துட்டு வரட்டும், அவசரமில்ல."

"ஓ, ஹுதைபா நானா," என்றான் இப்ஹாம்.

கமலம் குளியலறைக் கதவைப் பார்த்தார். பிறகு இப்ஹாமைப் பார்த்தார். பார்வையை எடுக்கவில்லை.

"தம்பி, எனக்கு ஒன்டே ஒன்டுதான் தெரியணும்," ஹுதைபாவின் குரல் உடைந்திருந்தது. "எங்கட உம்மா எத்தின நாள் விழுந்து கிடந்தாங்க? இவங்க ஒன்டு செல்றாங்க, டொக்டர் இன்னொன்டு செல்றார். ஒங்கட மெசின் பொய் செல்லாதுதானே?"

"கைய நான் பாத்தேன் தம்பி," என்றார் கமலம். "ஒரு நாள்ல அப்படி ஊறாது. வெள்ளையா, சுருங்கி… நான் வேல செஞ்ச காலத்துல சாக்கடைக் கான்ல எறங்கின கை எப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். நாள்கணக்கா தண்ணில கெடந்த கை அது. நான் ஒங்களக் கேட்டேனே. திங்கக்கெழம கேட்டேனா இல்லையா?"

சொல்லவேண்டிய வாக்கியம் இப்ஹாமின் நாக்கின் நுனிவரை வந்தது. அந்தக் கணத்தில் மேசைமேலிருந்த தொலைபேசி ஒளிர்ந்தது. பேராசிரியரிடமிருந்து இரண்டு வரி. ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, திங்கட்கிழமை வந்து பெற்றுக்கொள்ளவும். அவன் மூலத் தரவை மூடினான். அட்டவணையைத் திறந்தான். மடிக்கணினியை ஹுதைபாவின் பக்கம் திருப்பினான்.

"பாருங்க நானா. ஞாயிறு, திங்கள், செவ்வாய்… வியாழக்கிழமை இரவு வரைக்கும் உம்மா நல்லாத்தான் ஈந்தீக்கிறாங்க. சமைச்சீக்கிறாங்க. உடுப்புக் கழுவீக்கிறாங்க. இது ஒளு. இந்தா, இதுவும் ஒளு. ஒரு வக்தும் விட்டதில்ல."

ஹுதைபா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நிம்மதியின் அழுகை அது; அதனால்தான் இப்ஹாமால் அதைப் பார்க்க முடியவில்லை.

"மூணு கிழமையா நான் உறங்கல்ல," என்று கமலத்தின் பக்கம் திரும்பினான் ஹுதைபா. "கிடந்து துடிச்சாங்க, ஊறிப்போய்க் கிடந்தாங்கன்னு என்ட மனச அறுத்தீங்களே. பாத்துக்கோங்கன்னு ஒங்கட கையில குடுத்துட்டுப் போனேன். நீங்க பிலிமத்தலாவைல. அத மறைக்கவா இந்தக் கதை?"

"மறைக்கிறதுக்கு எனக்கு என்னங்க இருக்கு?"

"ஊட்டுத் தொறப்பத் தாங்க."

கமலம் சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்து, திறப்பை எடுத்து, மேசைமேல் ஓசையில்லாமல் வைத்தார். உள்ளே, குளியலறையில், ஓசை நின்றது.

ஹுதைபா இப்ஹாமின் இரு கைகளையும் பற்றிக்கொண்டான். "அல்லாஹ் ஒங்களுக்கு நற்கூலி தரணும் தம்பி." அவன் முன்னே இறங்கி முச்சக்கரவண்டியில் ஏறினான். கமலம் படியில் ஒரு கணம் நின்றார்.

"ஒங்க வீட்டு வால்வு பூட்டியிருக்கு தம்பி. வரும்போதே பாத்தேன்," என்றார் தணிந்த குரலில். "உள்ள எந்தத் தண்ணி ஓடுச்சு?"

பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனார்.

இப்ஹாம் கதவைத் தாழிட்டான். மலைச்சரிவில் வெயில் மஞ்சளாகி, பின் சாம்பலாகி, பாக்குமரங்களின் நிழல்கள் ஒன்றோடொன்று கலந்தன. மூலத் தரவை நிரந்தரமாக அழித்தான். உண்மையிலேயே அழிக்கவா என்று கணினி கேட்டது, ஆம் என்றான். விளக்கைப் போட்டான். நஸ்லியாவுக்கு அழைப்பெடுத்தான், அவள் எடுக்கவில்லை. தூரத்துப் பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு எழுந்து, அடங்கியது.

திரையில் முதல் எழுச்சி.

கை, இரண்டு தடவை. வாய், இரண்டு. ஓசை குளியலறையிலிருந்து வரவில்லை. நடைவழியிலிருந்து வந்தது. மூக்கு. முகம். நடைவழியிலிருந்தும் அல்ல. இவ்வறையின் தரையில், அவனது கதிரைக்குப் பின்னால், மிகத் தாழ்வாக. அவன் திரும்பவில்லை. திரையையே பார்த்தான். வலது கை. ஒன்று. இரண்டு. மூன்று. இடது கை. ஒன்று.

முறிந்தது.

மயிரிழை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். அவன் மூச்சை விட்டான். முடிந்துவிட்டது. அழித்தாயிற்று, எண்ணிக்கையும் தீர்ந்தது. தலையைக் கதிரையில் சாய்த்தான். எழ வேண்டும், முகம் கழுவ வேண்டும், நஸ்லியாவை வரச்சொல்ல வேண்டும் என்று எண்ணினான். கால்கள் எழவில்லை.

கோடு மறுபடி உயர்ந்தது.

இது மூலத் தரவில் இல்லை. மூன்று மூன்றாகவும் இல்லை. நீண்ட, நிதானமான, அகன்ற ஊற்றல். வலது தோளில் குளிர் பட்டது. சட்டைக்குள் இறங்கியது. விலா. இடுப்பு. தொடை. பாதம். ஊற்றல் நின்றது. முதுகின் கீழே ஓர் உள்ளங்கை நுழைந்தது. அவனைப் பக்குவமாக, பக்தியோடு, இடப்புறம் சாய்த்தது. முதுகின் வலப்பாதி நனைந்தது. மீண்டும் மல்லாத்தியது. அவன் எப்போது தரைக்கு வந்தான் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

இது ஒளு அல்ல. அவன் இதை அறிவான். இறந்த வாப்பாவின் மையித்தைக் குளிப்பாட்டியபோது செம்பை ஏந்தி நின்றவன் அவன். முதலில் வலப்பக்கம். பிறகு இடப்பக்கம். மூன்று முறை, ஒற்றைப்படையாக. கடைசித் தண்ணீரில் மட்டும் கற்பூரம் கரைப்பார்கள்.

இடது தோள். விலா. பாதம்.

கத்தினான். உதடுகள் அசையவில்லை, தாடையை ஏதோ ஒரு துணி தலையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. மேசைமேல் தொலைபேசி ஒளிர்ந்தது. நஸ்லியா. ஒலித்தது. ஒலித்தது. அடங்கியது. திரை இன்னும் வரைந்துகொண்டிருந்தது. இரண்டாம் முறை. வலது. இடது. அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. ஏறி இறங்கும் அந்த நெஞ்சின்மேலேயே கைகள் சென்றன, வழித்தன, தாண்டின. மூச்சிருக்கிறதா என்று எந்தக் கையும் நின்று பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு, தலைமாட்டில், எவரோ செம்பை மூன்றாம் முறை நிரப்பினார்கள். அறை முழுதும் கற்பூரம் மணத்தது.